நோர்மல் எண்டு வந்த ரிப்போர்ட்



போன எபிசோட்டில உடம்பில மாட்டுற சென்சர்களைப் பற்றிக் கதைக்கேக்க, "லாப் ரிப்போர்ட்டில நோர்மல் எண்டு வந்தா உடன நம்பிப்போடாதேங்கோ" எண்டு ஒரு வசனம் சொல்லிட்டன். அதோட நேரம் முடிஞ்சுது. பிறகு வந்த ஈமெயில்களில பாதிப்பேர் கேட்டது ஒண்டுதான்: நீ என்ன, டொக்டர்மாரை நம்பாத கோஷ்டியா? இல்லை. விளக்கம் சொல்லாமல் விட்டது என்ர பிழை. அதை இதில எழுதுறன், கொஞ்சம் நீளும்.

போன வருசம் மாசி மாதம். ஸ்காபரோவில இருக்கிற என்ர அக்கா, கடையில உறைய வச்ச புரோட் பீன்ஸ் பைக்கட் ஒண்டு கண்டிருக்கிறா. அவரைக்காய் மாதிரித்தானே எண்டு தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி வச்சவா. நாலு வயசு மருமோன் சாதாரணமா ஒண்டும் சாப்பிட மாட்டான், அண்டைக்கு அதை மட்டும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். இரண்டு நாளால பெடி சோர்ந்து படுத்திட்டான். கண் மஞ்சள். மூத்திரம் பிளேன்டீ நிறம். அத்தான் வேலையால வர முதலே அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடினவா. ஹீமோகுளோபின் 58. அந்த வயசில 110க்கு மேல இருக்கவேணும். அண்டிரவே ரத்தம் ஏத்தினவை.

அங்க இருந்த ஒரு இளம் டொக்டர் கெட்டிக்காரி. ரத்தம் ஏத்த முதலே ஜி6பிடி என்ற நொதியைப் பார்க்கச் சொல்லி ஒரு குழாய் ரத்தம் அனுப்பியிருக்கிறா. நாலைஞ்சு நாளால ரிப்போர்ட் வந்தது: நோர்மல். அதுக்குள்ள அவவின்ர ஷிப்ட் மாறிட்டுது. வேற டொக்டர் வந்து, ஏதோ வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். எல்லாரும் கோயிலுக்கு நேர்த்தி வச்சதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தம். மிச்ச அரைப் பைக்கட் புரோட் பீன்ஸ் அக்காவின்ர ஃப்ரீசரில இருந்தது.

இந்தக் கதை வைரஸ் காய்ச்சலோட முடியாததுக்குக் காரணம் என்ர வேலையிடத்தில இருக்கிற ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பெடியன். மதியச் சாப்பாட்டு நேரம் நான் சும்மா சொல்லிக்கொண்டு இருக்கேக்க, அவன் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டான்? புரோட் பீன்ஸ் ஏதும் கொடுத்தீங்களா?" எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அவனுடைய தம்பிக்கு ஜி6பிடி குறைபாடு. பிறந்த நாளிலேயே தெரியும். தொப்புள்கொடி ரத்தத்தில பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். "எங்களுக்கு அது பிளட் குரூப் மாதிரிங்க, யாரும் பெருசா பேசமாட்டாங்க" எண்டான்.

சரி, நோர்மல் எண்டு வந்த ரிப்போர்ட் எப்பிடிப் பிழைச்சது? எனக்கு இதை விளங்கப்படுத்தினது டொக்டர் இல்லை, சொஃப்ட்வெயர் மூளை.

சிவப்பணுவுக்குள்ள கரு இல்லை. அதாவது புதுசா நொதி செய்யிற வசதி அதுக்கு இல்லை. எலும்பு மச்சையில இருந்து வெளிக்கிடேக்க கையில என்ன இருக்கோ, அதை வச்சுக்கொண்டு ஏறக்குறைய 120 நாள் ஓட்டவேணும். ஜி6பிடி நொதியின் வேலை, ஒட்சியேற்றத் தாக்குதலில இருந்து அந்த அணுவைக் காப்பாற்றுறதுக்குத் தேவையான என்ஏடிபிஎச் என்ற பொருளைச் செய்துகொண்டே இருப்பது. குறைபாடு உள்ள ஆளிலும் புது அணுவில ஓரளவு நொதி இருக்கும். வயசு போகப் போக அது வேகமாகக் கரையும். அந்த நேரம் புரோட் பீன்ஸில இருக்கிற விசின், கொன்விசின் போன்ற பொருள்களோ சில மருந்துகளோ உள்ள போனால், கிழட்டு அணுக்கள் கூட்டமாக வெடிக்கும். அதுதான் பிளேன்டீ நிறம்.

இப்ப அந்த நேரத்தில ரத்தம் எடுத்தா யார் மிச்சம் இருப்பினம்? இளசுகள். அதோட மச்சை அவசரமாக அனுப்பின புத்தம்புது அணுக்கள், அதுகளில நொதி நல்லா இருக்கும். விழுந்த சர்வர்களை எல்லாம் கழட்டி எறிஞ்சுபோட்டு, மிஞ்சினதில மொனிட்டரிங் ஓட்டினா டாஷ்போர்ட் முழுக்கப் பச்சைதானே. சோதனை பிழையில்லை. அந்த ரத்தத்தில உண்மையிலேயே நொதி இருந்தது. பெடியில்தான் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். 1950களிலேயே தெரிஞ்ச விசயம். அமெரிக்க இராணுவத்துக்கு பிரிமாகுயின் என்ற மலேரியா மருந்து தேவைப்பட்டது. இலினோய் மாநிலத்தில ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினக் கைதிகளில சிலருக்கு ரத்த அணு உடைஞ்சது. பிழை மருந்திலயா, ஆளின் உடம்பிலயா, அணுவிலயா? கண்டுபிடிக்க, ஒருவரின் அணுக்களில கதிரியக்கக் குரோமியம் பூசி மற்றவருக்கு ஏத்திப் பார்த்தார்கள். பிழை அணுவில. அதிலும் வயசுபோன அணுவில. 1956இல அந்தக் குழு, குறையுற நொதி ஜி6பிடிதான் என்று அறிவித்தது. சிறைக்குள்ள இருக்கிறவனிடம் கேட்டு வாங்குற சம்மதம் என்ன சம்மதம் என்பது தனி எபிசோட்டுக்குரிய விசயம். ஆனா அந்தக் கைதிகளின்ர ரத்தத்தில படிச்ச பாடத்தை 70 வருசத்துக்குப் பிறகும் எங்கட லாப் சிஸ்டத்துக்குள்ள ஒரு வரியாக எழுதேல்ல.

ஒரு வரிதான் கேட்கிறன். மருமோனின் ரத்தத்தில அண்டைக்கே இளம் அணுக்களின் எண்ணிக்கையும் எடுத்தவை. அது தாறுமாறாகக் கூட இருந்தது. இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே சிஸ்டத்தில, ஒரே பெயரில, ஒரே திகதியில கிடக்குது. இளம் அணு கூட, ஜி6பிடி நோர்மல் என்றால், "இதை முடிவாக எடுக்கவேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கோ" என்று காட்டவேணும். ஒரு இஃப் ஸ்டேட்மென்ட். உங்களில பாதிப்பேர் இதைப் பத்து நிமிசத்தில எழுதுவீங்கள். சில நல்ல லாப்கள் ரிப்போர்ட்டின் அடியில சின்ன எழுத்தில இப்பிடி ஒரு குறிப்புப் போடுறதும் உண்டு. எங்களுக்கு வந்த தாளில அது இல்லை.

மூன்று மாதம் கழிச்சு அக்கா குடும்ப டொக்டரிட்டப் போய்த் திரும்பச் சோதிக்கச் சொல்லிக் கேட்டவா. அவர் கணினியில போட்டுப் பார்த்தா, இந்த டெஸ்ட் ஏற்கெனவே செய்யப்பட்டது என்று எச்சரிக்கை. அதாவது, வீண்செலவைத் தடுக்கிற இஃப் ஸ்டேட்மென்ட்டை யாரோ கவனமாக எழுதியிருக்கிறார்கள். அக்கா அந்த அறையால எழும்ப மறுத்திட்டா. அவர் நல்ல மனுசன், சரி எண்டு எழுதிக் குடுத்தார். இந்த முறை ரிப்போர்ட்டில 14 வீதம் எண்டு வந்தது.

ஃப்ரீசரில கிடந்த அரைப் பைக்கட்டை அண்டைக்குத்தான் அக்கா குப்பையில போட்டவா.

அந்த 14 என்ற இலக்கத்தைப் பற்றியும் சொல்லவேணும். ஜி6பிடி சோதனையில இரண்டு வகை. ஒன்று, ஆம் அல்லது இல்லை சொல்லுறது. துளி ரத்தத்தோட இரண்டு பொருளைக் கலந்து கடதாசியில பொட்டு வச்சு, புற ஊதா வெளிச்சத்தில பிடிப்பது. நொதி இருந்தால் என்ஏடிபிஎச் உருவாகி நீலமாக ஒளிரும். இல்லையென்றால் இருட்டு. இதை 1960களில செய்தவர் ஏர்னஸ்ட் போய்ட்லர், நாஜிகளால ஜெர்மனியை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை. மலிவு, அழகு, இண்டைக்கும் பல இடங்களில இதுதான். மற்றது, ஒளியின் 340 நனோமீட்டர் அலைநீளத்தில என்ஏடிபிஎச் எவ்வளவு வேகமாகக் கூடுது என்று அளந்து, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று இலக்கமாகச் சொல்வது.

பொட்டுச் சோதனை ஏறக்குறைய 30 வீதத்துக்குக் கீழ இருக்கிறவர்களைப் பிடிக்கும். ஆண்களுக்கு அது பெரும்பாலும் போதும். இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில இருக்குது, ஆணுக்கு ஒன்றுதான், ஆகவே இருக்கும் அல்லது குறையும். பெண்ணுக்கு இரண்டு. ஒவ்வொரு அணுவிலும் அதில ஒன்று அணைக்கப்படும் என்று மேரி லயன் 1961இல எலிகளில இருந்து சொன்னார். மனிதப் பெண்ணிலும் அப்பிடித்தான் என்று அடுத்த வருசம் போய்ட்லர் குழு காட்டினது இதே ஜி6பிடியை வச்சுத்தான். ஆகவே குறைபாட்டு ஜீனைக் காவுற பெண்ணின் உடம்பில நல்ல அணு பாதி, குறைஞ்ச அணு பாதி கலந்து ஓடும். அக்காவுக்கு 52 வீதம். பொட்டுச் சோதனையில அவ அழகாக ஒளிருவா, நோர்மல் எண்டு வரும். ஆனா மலேரியாவுக்கு டஃபெனோகுயின் கொடுக்கவேணும் என்றால் 70 வீதமாவது இருக்கவேணும். 2018இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச மருந்து அது, ஒரே வேளை, உடம்பில கனகாலம் நிற்கும், திருப்பி எடுக்க ஏலாது. 52 உள்ள பெண்ணுக்கு ஆம்-இல்லை பதில் ஆபத்து.

இந்த இலக்கத்தை விரல் நுனி ரத்தத்தில இரண்டு நிமிசத்தில சொல்லுற கைக்கருவி இப்ப இருக்குது. 2024 மார்கழியில உலக சுகாதார நிறுவனம் முதல் முறையாக அப்பிடி ஒன்றுக்கு முன்தகுதி வழங்கினது, எஸ்டி பயோசென்சர் என்ற கொரிய நிறுவனத்தின் கருவி. மலேரியா உள்ள நாடுகளின் கிராமக் கிளினிக்குகளுக்காகச் செய்தது. ரொறன்ரோவில குழாய் ரத்தம் அனுப்பி நாலு நாள் காவல் இருந்தம்.

அடுத்தது மாமா. இதுதான் உங்களில கனபேருக்கு வீட்டில நடக்கக்கூடியது, அதனால கொஞ்சம் நிண்டு வாசியுங்கோ.

அம்மாவின்ர தம்பி. மருமோனின் ரிப்போர்ட் வந்தபிறகு அவரும் சோதிச்சார், குறைவு. அப்பதான் ஒரு பழைய கதை சொன்னார். வன்னியில இருக்கேக்க மலேரியா வந்து, குளோரோகுயினோட சேர்த்து 14 நாள் குடிக்கச்சொல்லிக் குடுத்த குளிசையில நாலாம் நாள் மூத்திரம் கறுத்ததாம். மலேரியா முத்தினா அப்பிடித்தான் எண்டு அப்ப சொன்னவையாம். அது பிரிமாகுயினா இல்லையா, இனி யாராலயும் சொல்ல ஏலாது. (2016இல இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைச்சிட்டுது, ஆகவே அங்க இனி இந்தக் கேள்வி பெரிசா எழும்பாது.)

விசயம் அதில்லை. மாமாவுக்கு வருசா வருசம் ஏ1சி பார்ப்பினம். 5.9. சீனி வியாதி இல்லை, கவனமா இருங்கோ, அவ்வளவுதான். மாமி கடையில வாங்கின குளுக்கோஸ் சென்சரைச் சும்மா கையில ஒட்டிப் பார்த்தா, இரண்டு கிழமைச் சராசரி 8.6. சூத்திரத்தில போட்டால் அது ஏ1சி 7க்குச் சமன். இரண்டில ஒன்று பொய். நாங்கள் எல்லாரும் சென்சரைத்தான் பேசினம், நானும் சேர்த்து. மலிவுச் சாமான், நித்திரையில கை அமத்தியிருக்கும் என்றெல்லாம் விளக்கம் சொன்னன்.

ஏ1சி என்பது சீனியை அளக்கிறதில்லை. ஹீமோகுளோபினில எவ்வளவு சீனி ஒட்டியிருக்குது என்று பார்த்து, அணு 120 நாள் வாழ்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில சராசரியை ஊகிக்குது. அணு 120 நாள் வாழாட்டி? ஒட்ட நேரம் காணாது, இலக்கம் குறையும். 2017இல வந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று, ஆபிரிக்க அமெரிக்கரில பரவலாக இருக்கிற ஒரு ஜி6பிடி மாற்றம் ஆண்களின் ஏ1சியை ஏறக்குறைய 0.8 புள்ளி குறைச்சுக் காட்டுது என்று கண்டது. ஏ1சியை மட்டும் நம்பினால் அமெரிக்காவில அந்தச் சமூகத்தில ஏறத்தாழ ஆறரை இலட்சம் சீனி வியாதிக்காரர் தப்பிப் போகலாம் என்றும் கணக்குப் போட்டது. எங்கட வீடுகளில சீனி வியாதி எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாமாவின் டொக்டருக்கு இப்ப விளங்கிட்டுது, ஃப்ரக்டோசமின் என்ற வேற சோதனை எழுதுறார், அது சிவப்பணுவை நம்பி இல்லை. ஆனா அவர் ஓய்வுபெற்றுப் போனால் அடுத்த டொக்டர் திரும்ப ஏ1சிதான் எழுதுவார், சிஸ்டம் ஒரு சத்தமும் போடாது. இரண்டாவது இஃப் ஸ்டேட்மென்ட்.

"டிஎன்ஏ கிட் ஒண்டு வாங்கிப் பார்த்தா முடிஞ்சுதே" எண்டு கேட்கப்போறீங்கள். நான் முந்தியே செய்து வச்சிருந்தனான். மாற்றம் ஒன்றும் இல்லை என்று வந்தது. பிறகு உள்ள போய் வாசிச்சா, அது தேடினதே ஒரு சில மாற்றங்களை மட்டும். ஜி6பிடியில 200க்கு மேற்பட்ட மாற்றங்கள் தெரியும். தெற்காசியாவில அடிக்கடி காணுறதுகளுக்குப் பெயரே கேரளா-கல்யாண், ஒரிசா என்று இருக்குது. அவற்றைத் தேடாமல் "இல்லை" என்றால் என்ன அர்த்தம்? பிறகு ரத்தத்தில இலக்கம் எடுத்துப் பார்த்தன், எனக்கு உண்மையிலேயே நோர்மல். அம்மாவிட்ட இருந்து நல்ல எக்ஸ் எனக்கு விழுந்திருக்குது, அக்காவுக்கு மற்றது. கிட் சரியாகத்தான் சொன்னது, ஆனா அது அதின்ர கெட்டித்தனம் இல்லை.

பிறந்த உடன எல்லாருக்கும் சோதிக்கலாமா என்பதுதான் பெரிய வாதம். சிங்கப்பூர் 1965இல தொடங்கிட்டுது. அங்க பச்சைக் குழந்தைகள் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறிச் செத்துக்கொண்டு இருந்த காலம், வோங் ஹொக் பூன் என்ற குழந்தை மருத்துவர் அதுக்கும் ஜி6பிடிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினவர். மலேசியாவிலும் தொப்புள்கொடி ரத்தத்தில பார்க்கினம். ஒன்ராறியோவில குதியில குத்தி எடுக்கிற பொட்டு ரத்தத்தில இருபத்தைஞ்சுக்கு மேற்பட்ட வருத்தங்களைத் தேடினம், இது அதில இல்லை. பிரித்தானியாவிலும் இல்லை. நியூயோர்க் 2022இல இருந்து ஆபத்துள்ள குழந்தைகளுக்குச் சட்டமாக்கியிருக்குது, அதில பூர்வீகமும் ஒரு அளவுகோல். எனக்கு அந்த வழியில முழு உடன்பாடு இல்லை. பூர்வீகம் கேட்கிற பெட்டியில "ஆசியா" என்று இருந்தா, அதைப் பார்க்கிற நேர்ஸுக்கு எந்த ஆசியா ஞாபகம் வரும்?

எதிர்வாதம் பலமானது, அதை மறைக்கேல்ல. உலகத்தில ஏறக்குறைய 40 கோடிப் பேருக்கு இது இருக்குது, பெரும்பாலானோர் ஒரு வில்லங்கமும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பினம். எல்லாருக்கும் சொன்னால் பயம்தான் பரவும். உண்மை, பரவும். அக்கா முதல் கிழமை இணையத்தில ஒரு பட்டியலைப் பார்த்து, பருப்பு, பயறு, அவரை, கடலை எல்லாத்தையும் வீட்டால தூக்கினவா. தேவையில்லாத வேலை. பயப்படவேண்டிய பயறு புரோட் பீன்ஸ் ஒண்டுதான். மருந்துப் பட்டியல்களும் அப்பிடித்தான், பழைய பட்டியலில இருக்கிற கனக்க மருந்து 2022இல செய்த மீள்பார்வையில ஆபத்துக் குறைஞ்சது என்று இறக்கப்பட்டிருக்குது. ஆனா அந்த நீளப் பட்டியலில எங்கட வீட்டுச் சாமான் இரண்டு சிறிசா ஒளிஞ்சு கிடக்குது. ஒண்டு நப்தலீன், அதாவது கூறைச்சேலைப் பெட்டிக்குள்ள போடுற அந்துருண்டை. அந்தப் பெட்டிக்குள்ள இருந்த துணியால பச்சைக் குழந்தையைச் சுத்தினா வில்லங்கம். மற்றது மருதாணி, குழந்தையின் உடம்பில பூசி அணு உடைஞ்ச சம்பவங்கள் பதிவாகியிருக்குது. எந்த டொக்டரும் எங்களிட்ட இதைக் கேட்டதில்லை. பயத்துக்கு மருந்து சரியான பட்டியல், சோதிக்காமல் விடுறதில்லை. ஆகவே என்ர வாக்கு எல்லாக் குழந்தைக்கும் சோதனை என்பதுக்குத்தான்.

வீட்டுக்குள்ள வந்த பிரச்சினை வேற. மாமாவுக்கும் இருக்குது, அக்காவின்ர பெடிக்கும் இருக்குது என்றால் பாதை அம்மம்மாவுக்கால வந்திருக்குது, அல்லது அவவிட்டயே தொடங்கியிருக்குது. இதை நான் சாப்பாட்டு மேசையில குரோமோசோம் படம் கீறி விளங்கப்படுத்தினன். பெருமையாத்தான் செய்தன். அம்மம்மா கனநேரம் பார்த்துப்போட்டு, "அப்ப என்ர ரத்தத்தாலயோ குஞ்சுக்கு?" எண்டு கேட்டவா. மேசையில ஒருத்தரும் கதைக்கேல்ல. அதே நூலாலதான் அந்த ஜீன் மலேரியா ஊர்களில ஆக்களைக் காப்பாற்றியிருக்குது, அதனாலதான் இவ்வளவு பரவியிருக்குது என்று பிறகு சொன்னன். அவ தலையாட்டினவா, ஆனா ஏற்றமாதிரித் தெரியேல்ல. சொந்தக்காரர் ஃபோன் பண்ணினா இப்பவும் "பெடிக்குச் சின்னக் காய்ச்சல் வந்தது, மாறிட்டுது" எண்டுதான் சொல்லுறா. கலியாணம் பேசுற வயசில மாமாவின்ர இரண்டு மகள்மார் இருக்கினம், இரண்டு பேரும் கட்டாயம் அப்பாவின்ர எக்ஸைக் காவுவினம். அவையளுக்கு நானாகச் சொல்லுறதா, மாமா சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறதா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்னும் சண்டை.

உங்கட வீட்டில யாருக்காவது காரணம் தெரியாத மஞ்சள், கறுத்த மூத்திரம், பிறந்த உடன கனநாள் விளக்குக்குக் கீழ வச்ச கதை இருந்தா, குடும்ப டொக்டரிட்ட ஜி6பிடி கேளுங்கோ. இலக்கமாகத் தரச்சொல்லிக் கேளுங்கோ. வருத்தம் வந்த கிழமையிலயோ ரத்தம் ஏத்தின கையோடயோ எடுத்ததென்றால் மூன்று மாதத்தால திரும்ப. லாப் சிஸ்டங்கள் செய்யிற கொம்பனிகளில வேலை செய்யிற ஆக்கள் எங்களைக் கேட்கிறீங்கள் எண்டு தெரியும், அந்த இரண்டு இஃப் ஸ்டேட்மென்ட்டும் ஏன் இன்னும் இல்லை என்று உள்ளுக்குள்ள இருந்து சொல்லக்கூடிய ஒருத்தர் எனக்கு வேணும். பெயர் போடாமல் கதைக்கலாம். இந்த ஈமெயிலுக்கே பதில் எழுதுங்கோ.

அடுத்த கிழமை வழமைபோல வியாழக்கிழமை சந்திப்பம்.